நாய் எந்த ஊர் பஸ்ஸுக்குப் போச்சு?

எட்டாம் வகுப்பில் என்னை நாய் கடித்தது. அதைவிட, அதற்காக எழுதிய லீவ் லெட்டர்தான் அதிகம் வலித்தது. "வைல் வாக்கிங் டு த பஸ் ஸ்டாண்ட், எ டாக் பிட் மீ." இங்கிலீஷ் சார் வகுப்புக்கே கேட்கும்படி படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, நாய் எந்த ஊர் பஸ்ஸுக்குப் போச்சு?"

"தெரியலை சார், அது தெருநாய் சார்."

வகுப்பே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சார் சொன்னார்: 'வைல்' போட்டு, 'ஐ'யை விழுங்கிவிட்டு 'வாக்கிங்' என்று எழுதினால், நடந்தது யார் என்பதை ஆங்கிலம் கமாவுக்கு அடுத்த வாசலில் போய்த் தேடும். அந்த வாசலில் நான் நாயை நிறுத்தியிருந்தேன். ஒன்று, 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று முழுசாக எழுத வேண்டும். இல்லையென்றால் கமா தாண்டியதும் 'ஐ வாஸ் பிட்டன்' என்று நானே நிற்க வேண்டும்.

குற்றம் என்னுடையது மட்டுமல்ல. "நடந்து போகும்போது நாய் கடிச்சிடுச்சு" என்று வீட்டில் சொன்னபோது, நடந்தது நாயா என்று அம்மா கேட்கவில்லை, "எந்தக் கால்ல?" என்றுதான் கேட்டாள். தமிழிலும் கறார் உண்டு. 'செய்து' எச்சத்துக்கும் அது போய் முடியும் வினைக்கும் வினைமுதல், அதாவது செய்பவர், ஒன்றாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பியரே விதித்திருக்கிறார். ஆனால் 'போகும்போது'வுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்தச் சலுகையை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனதுதான் வினை.

அடுத்து காய்ச்சல். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற நம் பள்ளிகளின் அமர வாக்கியத்தை அப்படியே எழுதியிருக்கலாம். 'ஐ'யை விழுங்கலாம் என்று புதிதாகக் கற்ற திமிர். "ஆஸ் சஃபரிங்" என்று எழுதினேன். மறுபடி சிவப்பு மை. 'வைல்', 'வென்', 'தோ' எல்லாம் விழுங்க விடும். காரணம் சொல்லும் 'ஆஸ்', 'பிகாஸ்' விடாது. விழுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த 'ஆஸ்'ஸையும் சேர்த்து விழுங்கிவிட்டு, வெறும் 'சஃபரிங்'கில் தொடங்கலாம்.

கல்லூரியில் ஹாம்லெட் படித்தபோதுதான் ஆறுதல் கிடைத்தது. தோட்டத்தில் தூங்கும்போது பாம்பு கடித்ததாக ஊரில் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று அப்பா ராஜாவின் ஆவி வந்து புலம்புகிறது. அந்த ஆங்கில வாக்கியத்தின் இலக்கணப்படி தூங்கியது பாம்பு! ராஜாவாக இருந்து, அதுவும் செத்த பிறகு சொன்னால் மார்க் குறைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.