கதம்ப வாசகர்

புத்தகம் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்சியில் இருப்பார்கள். நாவல் கட்சிக்காரர் கட்டுரை நூலைத் தொடமாட்டார். தொட்டால் பரீட்சை ஞாபகம் வருகிறது என்பார். வரலாற்றுக் கட்சிக்காரருக்கு அடிக்குறிப்பு இல்லாத பக்கம் பக்கமே இல்லை. அறிவியல் கட்சிக்காரரோ, கதை என்பது நடக்காத விஷயம்தானே, அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பார். இந்த மூன்று கட்சியிலும் உறுப்பினர் அட்டை வைத்துக்கொண்டு, மூன்று பொதுக்கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில் உட்காருகிற ஆசாமி ஒருவர் உண்டு. கதம்ப வாசகர் என்று நான் சொல்வது அவரைத்தான்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வங்கியிலோ இன்சூரன்ஸிலோ வேலை. அல்லது அதிலிருந்து ஓய்வு. தலைமாட்டில் எந்நேரமும் மூன்று புத்தகங்கள் கிடக்கும். காலையில் காபியோடு வரலாறு, மின்சார ரயிலில் அறிவியல், ராத்திரி நாவல். வரிசையை மாற்றக் கூடாதா என்றால் காரணம் சொல்வார்: அறிவியலை ராத்திரி எடுத்தால் உடனே தூக்கம் வந்துவிடுகிறது; வரலாற்றை எடுத்தால் மகன் அப்பனைச் சிறையில் போடுகிறான், தூக்கம் வருவதில்லை. பக்க அடையாளத்துக்கென்று எதையும் காசு கொடுத்து வாங்கமாட்டார். ஒன்றில் தீர்ந்துபோன பி.பி. மாத்திரை அட்டை, இன்னொன்றில் போகாமல் விட்ட கல்யாணத்தின் பத்திரிகை, மூன்றாவதில் மின்கட்டண ரசீது. ரசீதைக் காணோம் என்று வீடே அல்லோலகல்லோலப்படும்போது அவர் மட்டும் நிதானமாக, “ஔரங்கசீப் சாகிற இடத்துல இருக்கும், பாரு” என்பார். இருக்கும்.

இவர் தானாக முளைத்தவர் அல்ல. அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்திருப்பார். நடுவில் ஒரு வாரத்து இதழ் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்காது. அந்த வாரம் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் என்ன செய்தான் என்பது பல வருஷம் இவருக்குத் தெரியாமலே இருந்திருக்கும். பள்ளிக்கூடத்து வாசலில் ஒருநாள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் கடை விரித்தார்கள். மாஸ்கோவில் அச்சான கனமான புத்தகம், கெட்டி அட்டை, விலையோ வேர்க்கடலைப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள் என்று அப்பா சந்தேகப்பட்டார். பையன் பெரெல்மானின் பௌதிகப் புத்தகத்தை வாங்கி வந்து, ஜூல் வெர்ன் கதையில் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து நிலாவுக்குக் கிளம்பியவர்கள் உண்மையில் கிளம்பிய நொடியிலேயே நசுங்கியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டான். கதையும் கணக்கும் ஒரே பக்கத்தில். பையன் கெட்டது அங்கேதான். பெரெல்மான் 1942இல் லெனின்கிராடு முற்றுகையின்போது பட்டினியில் செத்தார் என்பது பிற்பாடு ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் கிடைத்தது. அன்றைக்கு மூன்று கட்சியும் கூட்டணி அமைத்தன.

பந்தியில் இவருக்குப் பக்கத்து இலை கிடைப்பது பூர்வ ஜன்ம பலன். சாம்பார் வரை பேசமாட்டார். ரசவாளி வந்ததும் நிமிர்வார்.

“தம்பி, இந்த ரசத்தை ராஜராஜ சோழன் சாப்பிட்டிருக்கவே முடியாது, தெரியுமா?”

பரிமாறுகிற பையன் பயந்துபோய் வாளிக்குள் எட்டிப் பார்க்கிறான்.

தக்காளி, மிளகாய் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் வழியாக வந்து இறங்கியவை. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையேறியது 1498. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் ஐந்நூறு வருஷம். அதுவரை காரத்துக்கு மிளகுதான். உருளைக்கிழங்கு பொரியலா? ஆண்டீஸ் மலை. பாயசத்து முந்திரியா? பிரேசில். பக்கத்து இலைக்காரர் கண்ணெதிரே ஒவ்வொரு பதார்த்தமாகக் கழிகிறது. கடைசியில் சோழச் சக்கரவர்த்திக்கு மிஞ்சுவது சோறு, பருப்பு, நெய், மோர், மிளகாய்ப்பொடி படாத மாவடு. அப்படியிருக்க, சரித்திர நாவலில் சோழ வீரன் சத்திரத்தில் உட்கார்ந்து காரக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதாக எழுதினால் எப்படி ஒத்துக்கொள்வது? இதற்குள் அறிவியல் வந்துவிடும். பறவைக்கு மிளகாய் உறைக்காது. நம்மைப் போன்ற பாலூட்டி மென்றால் கடைவாய்ப்பல் விதையை நொறுக்கிவிடும். பறவை அப்படியே விழுங்கி, தூரத்தில் கொண்டுபோய் முழுசாகப் போட்டுவிடும். ஆகையால் செடி பறவைக்கு விருந்தும் நமக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. சூட்டை உணர்த்தும் நரம்பு வாசல்தான் இந்தக் காரத்தையும் உணர்த்துகிறது. அதைக் கண்டுபிடித்தவருக்கு 2021இல் நோபலில் பங்கு கொடுத்தார்கள்.

“சார், ரசம் ஊத்தட்டுமா, வேணாமா?”

“ஊத்து, ஊத்து. ரெண்டு கரண்டி.”

இதற்குள் அடுத்த பந்திக்காரர் வந்து இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால் இன்னும் விசேஷம். சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசித்துவிட்டு வரலாம் என்றுதான் ஏற்பாடு. தரிசனம் முடிந்து, வண்டி சென்னைக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போதுதான் விஷயம் வெளியே வரும். முதலில் வீராணம் ஏரிக்கரை. கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னை ஆரம்பித்தபோது வந்தியத்தேவனைக் குதிரையில் கொண்டுவந்து நிறுத்திய இடம் இதுதான், அன்றைக்கு ஆடிப்பெருக்கு. இன்றைக்குச் சென்னையில் நம் வீட்டுக் குழாயில் வருவதிலும் இந்த ஏரித் தண்ணீர் கலந்திருக்கிறது. பிள்ளைகள் பஜ்ஜிக்கடை தேடுகிறார்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். கோயில் என்றதும் மனைவிக்குக் கொஞ்சம் ஆறுதல். இவர் சந்நிதியை விட்டுவிட்டு வெளிச்சுவரில் கல்வெட்டைத் தேடுகிறார்.

“கல்கி அஞ்சு பாகம் எழுதினார். ஆதித்த கரிகாலனைக் குத்தினது இன்னார்னு கடைசி வரைக்கும் கையைக் காட்டலை. இந்தக் கல்வெட்டு காட்டுது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். சொந்தக்காரங்க நிலத்தைக்கூடப் பறிச்சிருக்காங்க.”

“அப்போ நந்தினி?”

“அவ கல்கியோட கற்பனை.”

மனைவி சற்று நேரம் பேசவில்லை. “அவளுக்காகத்தான் நான் படத்துக்கே வந்தேன்” என்றார் பிறகு.

நந்தினி போய்விட்டாலும் வந்தியத்தேவனை அவர் கைவிடமாட்டார். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டே சொல்கிறது என்று எடுத்துக்கொடுப்பார். குதிரையும் குறும்பும் கல்கி போட்டது, ஆள் நிஜம்.

இதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நாவலை மட்டும் படித்தவருக்கு நந்தினி பாட்டியம்மா மாதிரி நிஜம். வரலாறு மட்டும் படித்தவர் அந்த ஏரிக்கரையில் நின்றாலும் குளம்படிச் சத்தம் கேட்காது. இரண்டையும் படித்ததால்தான் இவருக்கு எது எங்கே முடிகிறது என்று தெரிகிறது. பெரும்பாலும். எப்போதாவது, “இந்தக் கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருந்தது” என்று திடீரென்று சொல்வார். எங்கே இருக்கிறது, கல்வெட்டிலா சாண்டில்யனிலா என்று கேட்டால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். “ஒரு புத்தகத்துல படிச்சேன்.” எந்தப் புத்தகம் என்பது மட்டும் எந்த ஜன்மத்திலும் நினைவுக்கு வராது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் ஜெயித்த வாக்குவாதங்கள் அநேகம்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் இருந்தால் பாவம் அவன். அப்பாதான் அவ்வளவு அறிவியல் படிக்கிறாரே என்று மின்தடைக் கணக்கு ஒன்றைக் கொண்டுவருவான். இவர் கண்ணாடியைத் துடைப்பார். கணக்கைப் பார்ப்பார். பிறகு சந்திரசேகர் கதையை ஆரம்பிப்பார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த பையன், வயது 19, 1930இல் கப்பலேறி இங்கிலாந்து போகிற வழியில், செத்துப்போகிற நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டான். சூரியனைப்போல் 1.4 மடங்கு. 1935இல் எடிங்டன் என்ற பெரிய மனிதர் லண்டன் கூட்டத்தில் வைத்து அதைக் கேலி செய்தார். நோபல் 1983இல் வந்தது. கடலும் கப்பலும் பெரியவர் கேலி செய்த அந்த மாலையும், இவர் சொல்லக் கேட்டால் தொண்டை அடைக்கும்.

“சரிப்பா, அவர் கப்பல்ல போனதெல்லாம் சரி. இதுக்கு விடை எத்தனை ஓம்?”

“அதை உங்க சார்கிட்டக் கேட்டுக்கோ.”

வெகுஜன அறிவியல் புத்தகத்தின் வசதியே அதுதான். சமைத்தவர் பட்ட பாட்டைச் சொல்லுமே ஒழிய, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லாது. ஸ்டீஃபன் ஹாக்கிங் 1988இல் காலத்தின் வரலாற்றை எழுதியபோது, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும் என்று எச்சரித்தார்களாம். ஐன்ஸ்டைனின் ஒரே ஒரு சமன்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். அப்படியும் படித்து முடித்தார்களா என்பது சந்தேகம். ஜோர்டான் எல்லன்பர்க் என்ற கணித ஆசிரியர் 2014இல் விளையாட்டாக ஓர் அளவுகோல் செய்தார். கிண்டிலில் வாசகர்கள் அதிகம் கோடு போட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சராசரி எடுத்தால், எவ்வளவு தூரம் படித்தார்கள் என்று குத்துமதிப்பாகத் தெரியும் அல்லவா? ஹாக்கிங்கின் புத்தகத்துக்குக் கிடைத்தது 6.6 சதவீதம். பிக்கெட்டியின் பொருளாதாரப் புத்தகத்துக்கு 2.4. இதைக் கேட்டதும் நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் போனவர். புரிந்ததா என்பது வேறு விசாரணை; அதை அவரிடம் கேட்பது மரியாதையில்லை.

அலமாரி விஷயத்தில் அவருக்கும் மனைவிக்கும் நிரந்தரத் தகராறு. டூயியின் பகுப்பு முறைப்படி அறிவியல் 500, இலக்கியம் 800, வரலாறு 900 என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்க ஆரம்பித்தார். மிளகின் வரலாறு பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்தவர் சாயங்காலம் வரை நின்ற இடத்திலேயே அதைப் படித்துக்கொண்டிருந்தார். மீதிப் புத்தகங்கள் தரையில். நடக்க வழியில்லை. “இன்னொரு அலமாரி வாங்கணும்” என்றார் அடுத்த வாரம். துணைக்கு ரங்கநாதனைக் கூப்பிட்டார். சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகவே போட்டவர். நூலகம் என்பது வளர்ந்துகொண்டே போகிற உயிர் என்பது அவருடைய ஐந்தாம் விதி.

“வளரட்டும். வாடகை வீட்டுல எதுக்கு வளரணும்?” என்றார் மனைவி.

ரங்கநாதனிடம் இதற்கு விதி இல்லை. ஆனாலும் அலமாரி வந்தது. அடுத்த ஜனவரியில் அது நிரம்பியும் விட்டது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் ஆரம்பித்த சென்னைப் புத்தகக் காட்சிக்கு இவர் ஒரு வருஷம் தவறியதில்லை. கையில் பட்டியலோடு போவார். பட்டியலில் உள்ளதைத் தவிர மற்றதெல்லாம் வாங்குவார். பத்து சதவீதக் கழிவில் மிச்சமானது வாசலில் டெல்லி அப்பளத்துக்குச் சரியாகப் போய்விடும். வீட்டுக்குள் புத்தகங்களைக் கடத்துவதற்கு அவர் கையாளும் உத்திகளைச் சொன்னால் ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் எனக்கு வரும், விட்டுவிடுகிறேன்.

அவருடைய ஒரே நிஜமான குற்றம் பென்சில். கிளை நூலகத்து நாவல் ஒன்றில் அவர் கைவரிசையைப் பார்த்தேன். கதாநாயகி அந்தி சாயும் வேளையில் மொட்டைமாடிக்கு வருகிறாள். கிழக்கே மூன்றாம் பிறை மெல்ல எழுகிறது. அவள் கண்ணில் நீர். ஓரத்தில் பொடி எழுத்தில்: ‘மூன்றாம் பிறை மாலையில் மேற்கில்தான் தெரியும். சற்று நேரத்தில் மறைந்தும்விடும். கிழக்கே எழுவது பௌர்ணமி நிலா.’ அதற்குக் கீழே இன்னொருவர் நீல மையில்: ‘யோவ், கதையைப் படிய்யா.’ அதற்கும் கீழே மறுபடி பென்சில்: ‘படித்தேன். நல்ல கதை. பிறைதான் தப்பு.’ நாவலை விட இந்த ஓரத்தைப் படித்தவர்கள்தான் அதிகம் என்று நூலகர் அலுத்துக்கொண்டார்.

உங்களிடமும் இப்படி ஒருவர் புத்தகம் இரவல் கேட்டு வருவார். தயங்காமல் கொடுங்கள். மற்றவர்களைப் போல அமுக்கிக்கொள்ளமாட்டார், படித்து முடித்து, சொன்ன தேதிக்குத் திருப்பித் தருவார். கொடுப்பதற்கு முன்னால் சட்டைப் பையில் இருக்கும் பென்சிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.