முதலில் யார் எழுந்திருப்பது?

வாசகர், திருவண்ணாமலை: பட்டனை அமுக்கிவிட்டு கிரிவலமே போய் வந்துவிடலாம் போலிருக்கிறதே, கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள்?

14 கிலோமீட்டர் நடந்தால் உடம்பாவது இளைக்கும், போய் வாருங்கள்! திரும்பியதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், அழைக்காமலே வந்து உட்கார்ந்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும். வேண்டாதவர்களை 'டிஸேபிள்' செய்யலாம். ஆன்டிவைரஸ் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம்.

தினமும் ஷட் டவுன் செய்தாலும் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்கிறார்களே?

அணைத்துவிட்டதாக யார் சொன்னது? 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான். விண்டோஸின் மையமான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணயர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப், ஆன் செய்ததும் 'விண்டோஸா, லினக்ஸா?' என்கிறதே?

தமிழ்நாட்டில் கூட்டணி இல்லாமல் எது ஓடியது?

2011-ல் தொடங்கிய திட்டத்தில் பல மாணவர்கள் கைக்கு வந்த மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் குடியிருந்தது. யார் முதலில் எழ வேண்டும் என்று கேட்பவர் 'க்ரப்' என்ற தொடக்க மென்பொருள். சில விநாடி பதில் சொல்லாவிட்டால் அவரே முடிவெடுப்பார். இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அப்படியே அழித்தவர்களுக்குக் கிடைத்தது, விண்டோஸும் எழாத கறுப்புத் திரை. க்ரப்பின் கோப்புகள் இருந்ததே லினக்ஸ் வீட்டில்தான்!