படம் பார்க்கச் சொல்வது நியாயமா?

அனுப்புநர்:
முன்கணிப்பாளன்,
டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்,
தெற்கு ரத வீதி, திருநெல்வேலி டவுன்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அகாடமி ஆஃப் மோஷன் பிக்சர் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்,
வில்ஷயர் பூலவார்ட், பெவர்லி ஹில்ஸ், கலிஃபோர்னியா.

பொருள்: ஆஸ்கருக்கு வாக்களிப்போர் படம் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதியைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்களது ஏப்ரல் 2025 அறிவிப்பு.

ஐயா / அம்மையீர்,

வருடா வருடம் உங்கள் சிலை யார் கைக்குப் போகும் என்று முந்தின நாளே சொல்லி, பந்தயத்தில் ஜெயித்த டீயும் உளுந்த வடையுமாகக் கால் நூற்றாண்டை ஓட்டியவன் நான். என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்கள்.

98ஆவது விழாவிலிருந்து, ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்து முடித்த உறுப்பினர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்கு போடலாம் என்கிறீர்கள். செய்தியைப் பேப்பரில் படித்த வாத்தியார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். “அப்படின்னா இவ்வளவு நாளா பார்க்காமலா வே போட்டாங்க?” என்றார். பெஞ்சில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? பெயரை மறைத்துக்கொண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் மனம் திறக்கும் உங்கள் உறுப்பினர்களே, இன்ன படத்தைப் பார்க்கவில்லை, இன்ன படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதனால்தான் எங்கள் மனசு அப்படி ஒத்துப்போயிற்று.

வாத்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பரிந்துரைப் பட்டியல் வெளியான அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, எப்படியோ எல்லாப் படங்களையும் தேடிப் பார்த்து, நடிப்புக்கு இவ்வளவு, கதைக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். நாற்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய மனிதர். தாளைப் பிரிக்காமலே மார்க் போடுகிற வாத்தியார்மாரும் உலகத்தில் இருப்பார்கள் என்பது அவர் கற்பனைக்கு எட்டாது. 2019இல் அவர் ‘ரோமா’ என்றார், நான் ‘கிரீன் புக்’ என்றேன். இரண்டையும் நான் பார்த்ததில்லை. வடை எனக்கு.

எப்படிச் சொன்னேன் என்கிறீர்களா? சிறந்த படத்துக்கு மட்டும் நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போடச் சொல்கிறீர்கள். 2009ஆம் வருடத்துப் படங்களிலிருந்து இந்த ஏற்பாடு. பாதிக்கு மேல் யாருக்கும் முதலிடம் விழவில்லை என்றால், கடைசியில் கிடப்பதைக் கழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவீர்கள். எங்கள் பக்கம் பெரிய குடும்பங்களில் மாப்பிள்ளை முடிவாவது இப்படித்தான். பெண்ணின் அக்காவுக்கு ஒருத்தனைப் பிடிக்கும், சித்தப்பாவுக்கு அவன் முகத்தில் முழிக்கவே பிடிக்காது. கடைசியில் எல்லார் பட்டியலிலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்த பையன் வந்து தாலி கட்டுவான். அந்தப் பையனைக் கண்டுபிடிக்கப் படம் பார்க்க வேண்டியதில்லை, நாலு கல்யாணம் பார்த்திருந்தால் போதும்.

நடிகர்களுக்கான கணக்கு இன்னும் சுலபம். உடம்பில் எதையாவது கூட்டினாரா, குறைத்தாரா? ‘ரேஜிங் புல்’லுக்காக ராபர்ட் டி நீரோ இருபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏற்றினார், கொடுத்தீர்கள். ‘டல்லஸ் பையர்ஸ் கிளப்’புக்காக மேத்யூ மெக்கானஹே துரும்பாக இளைத்தார், கொடுத்தீர்கள். கூடவே இளைத்த ஜாரெட் லெட்டோவுக்கும் கொடுத்தீர்கள். அடுத்த கேள்வி, நிஜத்தில் வாழ்ந்த யாராகவாவது நடித்தாரா என்பது. சர்ச்சில், ஃப்ரெடி மெர்குரி, ஜூடி கார்லண்ட், ஓப்பன்ஹைமர் என்று வரிசையாக வாங்கிக்கொண்டு போனார்கள். 2003இல் நிகோல் கிட்மன் வர்ஜீனியா உல்ஃபாக, ஒட்டு மூக்கோடு வந்து நின்றார். மூக்கும் மாறியிருக்கிறது, அதுவும் நிஜத்தில் வாழ்ந்தவருடைய மூக்கு! அன்றைக்கு இரண்டு வடை சேர்த்தே கட்டினேன்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அதற்கு உங்கள் ஊரில் பெயர் இருக்கிறதோ என்னவோ, எங்கள் பக்கம் செய்முறை என்போம். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு மொய் விட்டுப்போனால், அடுத்து அந்த வீட்டில் காதுகுத்து வந்தாலும் சரி, சேர்த்து எழுதிவிட வேண்டும். ‘டாக்ஸி டிரைவர்’, ‘ரேஜிங் புல்’, ‘குட்ஃபெல்லாஸ்’ என்று மார்ட்டின் ஸ்கோர்செசி வீட்டில் எத்தனையோ கல்யாணம் நடந்தது. நீங்கள் 2007இல் ‘த டிபார்ட்டட்’ என்ற காதுகுத்துக்குப் போய்தான் எழுதினீர்கள். ‘காட்ஃபாதர்’ படங்களுக்கு வெறுங்கையோடு போன அல் பசினோவுக்கு 1993இல் ‘சென்ட் ஆஃப் எ வுமன்’. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் பதிமூன்று பரிந்துரைகளுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பதினான்காவது பரிந்துரையில்தான் மேடையேறினார். மொய் நோட்டைப் புரட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் பிசகாது. ஹிட்ச்காக்குக்குத்தான் சிறந்த இயக்குநர் மொய்யைக் கடைசி வரை எழுதவே இல்லை. அந்த வீட்டில் இனி விசேஷமும் கிடையாது.

இவ்வளவு பலமான கணக்கு ஓரிடத்தில் மட்டும் உதைக்கிறது. 1969இல் ‘தெய்வ மகன்’ இந்தியாவின் சார்பில் உங்களுக்கு வந்தது. அதில் சிவாஜிக்கு மூன்று வேடம். தழும்பு முகத்தோடு அப்பா, அதே தழும்போடு ஒரு மகன், தழும்பில்லாமல் துள்ளித் திரியும் இன்னொரு மகன். மூன்று பேரும் மூன்று விதமாக நடப்பார்கள், மூச்சுகூட வேறு வேறாக விடுவார்கள். ஒரு மூக்குக்கே ஒரு சிலை என்கிற உங்கள் விலைவாசிக்கு இது எங்கே போயிருக்க வேண்டும்? வெளிநாட்டுப் படப் பிரிவின் ஐந்து படப் பட்டியலுக்குள்கூட வரவில்லை. 1998இல் ‘ஜீன்ஸ்’ வந்தது. உங்கள் நாட்டுக்கே வந்து எடுத்த படம், ஏழு உலக அதிசயங்களையும் ஒரே பாட்டில் சுற்றிக் காட்டிய படம், அதற்கும் கதவு திறக்கவில்லை. (அந்த வருடம் அதைப் போய் அனுப்பியது சரிதானா என்பது வேறு விஷயம். அதை எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.) ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ இந்த மூன்றும்தான் இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தவை. தமிழ் எண்ணிக்கை பூஜ்யம். உங்கள் புதிய விதியை நன்றாகப் படித்துப் பார்த்தேன், அது இறுதிச் சுற்றுக்கு மட்டும்தான். பந்திக்குள் உட்கார்ந்துவிட்ட படங்களைக் கட்டாயம் கவனிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாசலில் பாயசத்துக்குக் காத்து நிற்பவை வழக்கம்போல நிற்கலாம்.

நான் 1929இல் பிறந்திருக்க வேண்டியவன். அந்த வருடம் மே 16ஆம் தேதி ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் உங்கள் முதல் விழா நடந்தபோது, யார் யாருக்கு விருது என்பது மூன்று மாதம் முன்பே ஊருக்குத் தெரியும். பதினைந்து நிமிடத்தில் கொடுத்து முடித்துவிட்டார்கள். என்ன மரியாதையான விழா! பிறகு பத்திரிகைகளுக்கு மட்டும் முன்கூட்டியே பட்டியல் கொடுத்து, ராத்திரி பதினொன்று வரை வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். 1940இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் மாலைப் பதிப்பிலேயே போட்டு உடைத்தது. கோபத்தில் அடுத்த வருடத்திலிருந்து முடிவை உறைக்குள் போட்டு மூட ஆரம்பித்தீர்கள். அந்த உறையால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2017. நான் ‘லா லா லேண்ட்’ என்றேன், வாத்தியார் ‘மூன்லைட்’ என்றார். மேடையில் ‘லா லா லேண்ட்’ என்று அறிவித்தார்கள். நான் உடனே டீக்கடை அண்ணாச்சியிடம், வாத்தியார் கணக்கில் ஒரு பூரி செட் என்று சொல்லிவிட்டேன். தட்டு வந்தது, முதல் வாய் வைத்தேன். அங்கே மூன்றாவது தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் மேடையில் காதில் கருவி மாட்டியவர்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள், உறை மாறிப்போயிற்று என்கிறார்கள், ‘மூன்லைட்’ என்கிறார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு கணக்காளர்கள், ஆளுக்கொரு முழுக் கட்டு உறை. ஒரு பக்கம் பிரித்துப் படித்த சிறந்த நடிகை விருதின் மறுபிரதி இன்னொரு பக்கம் மிச்சமாக இருந்து, அது கைமாறியிருக்கிறது. எங்கள் ஊர் வாக்குச்சாவடி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மீந்த சீட்டை என்ன செய்வது என்று சொல்லியிருப்பார். கடித்த பூரியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? காசு நான்தான் கொடுத்தேன்.

ஒரே ஒரு வருடம் நான் கணக்குப் பார்க்கவில்லை. 2009 பிப்ரவரி, திங்கட்கிழமை காலை. ஏ.ஆர். ரஹ்மானுக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று பந்தயம் கட்டவே யாருக்கும் மனசு வரவில்லை, வாத்தியார் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். ரஹ்மான் முதல் சிலையை வாங்கிக்கொண்டு “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னபோது, அண்ணாச்சி அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. அவருடைய முதல் பத்துப் படங்களைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதுவும் தாமதமாக எழுதிய மொய்தான் என்பது தெரியும். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

இனி என் சரிவு. மார்ச் 2025 விழாவில் போட்டியிட்ட டிமொதி ஷாலமே, பாப் டிலனாக நடித்திருந்தார். வாழ்ந்துகொண்டிருக்கிற மனிதர், அதிலும் பாடகர். எனக்குச் சந்தேகமே இல்லை. வாத்தியார் நோட்டைப் பார்த்து, ‘த புரூட்டலிஸ்ட்’டில் ஏட்ரியன் புரோடி என்றார். கற்பனையான ஒரு கட்டடக் கலைஞர் வேடம், எனக்குப் பரிதாபமாக இருந்தது. புரோடி வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், இடையில் எழுந்த வாத்திய இசையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் நாற்பது விநாடி பேசினார். 1943இல் கிரீர் கார்சன் பேசியதையும் தாண்டிய சாதனையாம் அது. என் கண் முன்னால் வாத்தியார் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு வாய் வடையாக மென்றார். அடுத்த மாதமே உங்கள் அறிவிப்பு. உங்களுக்கும் வாத்தியாருக்கும் ஏதும் தொடர்பு உண்டா என்பதைத் தெரியப்படுத்தவும்.

அறிவிப்பின் அடுத்த பத்தியைப் படித்ததும் பாதி உயிர் திரும்பியது. உங்கள் சொந்த இணையத் திரையில் பார்த்தால் அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம். தியேட்டரிலோ விழாவிலோ பார்த்திருந்தால், எங்கே எப்போது பார்த்தோம் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமாம். அவ்வளவுதானா? பள்ளிக்கூட டைரியில் அப்பா கையெழுத்தை நாங்களே போட்டு வளர்ந்த தேசம் இது. திரை ஓடியதைக் கணக்கு வைக்கிற இயந்திரம், எதிரே கண் திறந்திருந்ததா என்று பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஏறத்தாழ பத்தாயிரம் வாக்காளர்களில் சிலருக்குக் குற்றவுணர்ச்சி வந்து நிஜமாகவே பார்த்துத் தொலைத்தால் என் கதி என்ன?

அதனால் இனி வரும் ஒவ்வொரு விழாவுக்கும், எந்த விதியாலும் கெடாத கணிப்புகளை மட்டுமே வெளியிடுகிறேன். தோற்ற நாலு பேருடைய முகத்தையும் ஒரே நேரத்தில் திரையில் காட்டுவீர்கள், அந்த இரவின் ஆகச் சிறந்த நடிப்பு அங்கேதான் இருக்கும். ஒலிப்பதிவுக்கு வாங்கியவர் அம்மா பெயரைச் சொல்ல வாய் திறக்கும்போது வயலின் கிளம்பும். மறைந்தோர் நினைவில் யாரையாவது விட்டுவிடுவீர்கள். விடுவதே மேல். அந்த 2017இல் உயிரோடிருந்த ஒரு தயாரிப்பாளரின் படத்தையல்லவா போட்டீர்கள்!

2028இல் உங்கள் நூறாவது விழா. அதிலிருந்து சண்டைக் காட்சி வடிவமைப்புக்கும் சிலை உண்டு என்று கேள்விப்பட்டேன். மாடியிலிருந்து குதிப்பது கதாநாயகன் இல்லை என்று கண்டுபிடிக்க உங்களுக்கு நூறு விழா ஆகியிருக்கிறது. நாங்களும் பீற்றிக்கொள்வதற்கில்லை. டைட்டிலில் ‘சண்டைப் பயிற்சி’ என்று பெயர் போட்டு எத்தனையோ தலைமுறை ஆன பிறகு, 2017இல்தான் ‘புலிமுருகன்’ சண்டைகளுக்காகப் பீட்டர் ஹெய்னிடம் கொடுத்து தேசிய விருதில் கணக்கைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவுக்காவது உங்கள் உறுப்பினர்கள் படத்தைப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரி ரசீதைப் பார்த்து வாக்குப் போடட்டும்.

எனவே மேற்படி விதியை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால், 2017 காலையில் நான் இழந்த பூரி செட்டுக்கு ஈடாக ஒரு சிலையை அனுப்பி வைக்கவும். வாங்கியவர்கள் அதை விற்க நினைத்தால் முதலில் அகாடமிக்கே ஒரு டாலருக்குத் தர வேண்டும் என்று நீங்களே எழுதி வாங்குகிறீர்கள். பூரி செட்டும் கிட்டத்தட்ட அந்த விலைதான். போர்க்காலத்தில் கொடுத்தீர்களே, அந்தப் பிளாஸ்டர் சிலை மிச்சமிருந்தாலும் சம்மதம்.

இப்படிக்கு,
முன்கணிப்பாளன்.

இணைப்பு: தங்கள் உறுப்பினர்களுக்கு மாதிரியாக இருக்கட்டுமென்று நான் நிரப்பிய படிவம்.

படம்: த புரூட்டலிஸ்ட்.
பார்த்த இடம்: வாத்தியார் வீட்டு ஈஸி சேர்.
பார்த்தது: இடைவேளை வரை. (ஹாலிவுட் படத்துக்கு இடைவேளை விட்டதை மனமாரப் பாராட்டுகிறேன்.)
மீதி: டீ குடித்தபடி வாத்தியார் சொல்லக் கேட்டது. கடைசியில் அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, நல்ல படம்தான் போலிருக்கிறது.