டம்பாச்சாரியும் கடைசி ரயிலும்

சைதாப்பேட்டை காசிவிசுவநாத முதலியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘டம்பாச்சாரி விலாசம்’, பாட்டும் வசனமும் கலந்து கதை நடத்தும் ‘விலாசம்’ என்னும் நாடக வகையைச் சேர்ந்தது. தாசி மோகத்திலும் ஆடம்பரத்திலும் சொத்தைத் தொலைக்கும் செல்வந்தனை அது எள்ளி நகையாடுகிறது. இதனை இன்று சென்னைப் புறநகரான நெமிலிச்சேரியில் மேடையேற்றத் துணிபவர், ‘தரு’ எனப்படும் நாடகப் பாடல்களைப் பாதியாகக் குறைத்து, கடைசி மின்சார ரயிலுக்கு முன்பாக நாயகனை ஓட்டாண்டியாக்கிவிட வேண்டியிருக்கும். கதையைக் காலத்துக்கேற்ப மாற்றுவதில் மட்டும் சிரமமே இல்லை. பணம் கறக்கும் பொறுப்பைக் கைபேசிக் கடன் செயலி செவ்வனே ஏற்றுக்கொள்ளும் என்பதோடு, வெளிவட்டச் சாலையோரம் கடனுக்கு மனையும் தவணையில் காரும் வாங்கிய டம்பாச்சாரிகள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கக்கூடும் (நன்கொடைச் சீட்டுகளை வாங்குபவர்களும் பெரும்பாலும் அவர்களே) என்பதால், ஒத்திகைச் செலவும் மிச்சமாகும்.