அனுபவம் மிக்க விமானம் வாழ்க!

பழசை மதிக்கத் தெரிந்த நாடு எது என்று கேட்டால், கனடா என்று தயங்காமல் சொல்வேன். மற்ற நாடுகள் பழைய ஜெட் விமானங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்கின்றன. கனடாவோ அவற்றில் ஆளை ஏற்றி, வானத்தில் குட்டிக்கரணம் போட வைத்தது.

அவற்றில் ஒன்றான ரியூட்டர் பயிற்சி விமானம் மொன்றியல் பெற்ற பிள்ளை. கார்ட்டியர்வில் விமான நிலையத்தை ஒட்டியிருந்த கனடேர் ஆலையில் உருவாகி, 1960 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. அந்த ஓடுபாதை 1988இல் மூடப்பட்டு வீட்டு மனைகளாகிவிட்டது. ஓடுபாதைதான் களைத்தது, பிள்ளை களைக்கவில்லை. இருபது விமானங்களை வாங்கிய மலேசியா 1980களிலேயே அவற்றை ஓய்வுக்கு அனுப்பியது. அருமை தெரியாதவர்கள்! கனடிய விமானப்படையும் 2000இல் ரியூட்டரைப் பயிற்சிப் பணியிலிருந்து விடுவித்தது. ஆனால் ஸ்னோபேர்ட்ஸ் சாகசக் குழுவுக்கு வைத்துக்கொண்டது. பயிற்சி மாணவருக்கு ஆகாது என்று கழித்த விமானம், ஒன்பதாக நெருங்கிப் பறந்து வித்தை காட்ட மட்டும் ஆகும் என்று கண்டுகொண்ட கண்களுக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும்.

அனுபவ விஷயத்திலும் குறை சொல்ல இடமில்லை. வேறெங்கும் இந்த விமானம் பயிற்சியில் இல்லாததால், குழுவுக்கு வந்த இளம் விமானி அதைக் குழுவின் தளமான மூஸ் ஜோவுக்கு வந்துதான் பழக வேண்டியிருந்தது. பழகிக் கை தேறியதும், சில பருவங்களில் மாற்றலாகிப் போய்விடுவார். விமானி புதிதாகிக்கொண்டே இருப்பார், விமானம் பழசாகிக்கொண்டே இருக்கும். இருவரில் ஒருவருக்காவது நீண்ட அனுபவம் இருந்தால் போதாதா?

2010க்குள் இவற்றை மாற்றுங்கள், வருடம் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று பாதுகாப்புத் துறையின் ஆய்வே 2003இல் சொன்னது. துறை அந்த ஆய்வை மிகவும் மதித்துப் பத்திரப்படுத்தியது. கெடு 2020 ஆனது. பிறகு 2030 ஆனது.

2019 அக்டோபரில் அட்லாண்டா அருகே குழுவின் விமானம் ஒன்று விழுந்தது; எரிபொருள் செல்வதில் கோளாறு. 2020 மே 17 அன்று, கொரோனாவில் சோர்ந்திருந்த மக்களுக்குத் தெம்பூட்டப் புறப்பட்ட ஒன்று கம்லூப்ஸில் விழுந்தது. எஞ்சினுக்குள் ஒரு சிறு பறவை. இருக்கையோடு வெளியே எறியப்பட்டபோது பாராசூட் காப்பாற்றும் உயரம் இல்லை. உடன் சென்ற கப்டன் ஜென் கேசி இறந்தார், விமானி படுகாயமடைந்தார். சில மாதங்களில் குழு மறுபடி பறந்தது. 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் சென்ட் ஜானில் இன்னொன்று. எண்ணெய் வடிகட்டியைச் சரியாகப் பூட்டவில்லை. ஒவ்வொரு முறையும் குற்றவாளி பிடிபட்டான். அறுபதை நெருங்கிய வயதையும் ஒற்றை எஞ்சினையும் கூண்டில் ஏற்றும் மரியாதைக் குறைவு மட்டும் நடக்கவில்லை.

கனடாவில் இந்த விமானங்களைப் பறக்கவிடுவது, பறக்கத் தகுதி உண்டென்று சான்று தருவது, விழுந்தால் விசாரிப்பது மூன்றும் அதே பாதுகாப்புத் துறையின் கூரைக்குக் கீழே. வீட்டு விஷயம் வெளியே போகாது. பிரித்தானியருக்கு இந்தப் பக்குவம் கிடையாது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் விமானக் காட்சியில் 1955ஆம் ஆண்டின் ஹண்டர் ஜெட் ஒன்று, போதிய வேகமும் உயரமும் இல்லாமல் வளையம் போட்டு நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அவசரக்காரர்கள், இரண்டே நாளில் பழைய ஜெட்டுகள் நிலத்துக்கு மேலே சாகசம் செய்யக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். விசாரணையையும் தனி அமைப்பிடம் கொடுத்தார்கள்.

உலக விமானப் பாதுகாப்புக்கு விதி எழுதும் ஐ.நா. அமைப்பு மொன்றியலில்தான் இருக்கிறது. ஆனால் அதன் அடித்தளமான 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, இராணுவ விமானங்கள் இதில் சேரா என்று விலக்கிவிட்டது. விதி பிறக்கும் ஊரிலேயே பிறந்தும் விதிக்கு அடங்காத பிள்ளை!

இத்தனை பெருமைக்கும் காரணமானவர்களை நாம் கௌரவிக்க வேண்டாமா? ரியூட்டரில் இரண்டு இருக்கைகள், பக்கத்தில் பக்கத்தில். அடுத்த தடவை ஒரு பழைய ஜெட்டின் ஆயுளை நீட்டிக் கையெழுத்திடும் பெரியவர், அந்தப் பருவம் முழுவதும் இரண்டாவது இருக்கையில் அமர்ந்து வர வேண்டும் என்று சட்டம் கொண்டு வாருங்கள்.