பிருஹத்காயப் பிரேமை: காடாம்புலியூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பால்யத்தில் மனிதனைப் பற்றிக்கொள்ளும் ஆசைகளுள் பெரும்பாலானவை மீசை அரும்புவதற்கு முன்பே அவனைக் கைவிட்டுப் போய்விடுகின்றன. பஸ் டிரைவராக வேண்டும் என்று ஏங்கியவன், பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை ஒருமுறை ஒற்றைக் காலில் நின்றபடி பிரயாணம் செய்ததும் அந்த ஏக்கத்தைத் துறக்கிறான். கோயில் யானையின்மேல் மையல் கொண்டவன், அதன் துதிக்கை ஈரத்தோடு தன் உச்சந்தலையில் இறங்கிய கணத்தில் ஞானம் பெறுகிறான். இவ்வாறிருக்க, டைனோசர் என்னும் ஜந்துவின்மீது ஆறு வயதில் உண்டான பிரேமை மட்டும் நாற்பத்தெட்டு வயதிலும் தேயாமல், தலை நரைக்க நரைக்க விருத்தியடைந்துகொண்டே போவதற்கு ஹேது யாது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட விசாரணை.

ஆராய்ச்சிக்கு உட்பட்டோரின் தொகை ஒன்று. அவர் என் மாமன் மகன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்கிறார். ஒருவரைக் கொண்டு சித்தாந்தம் நாட்டலாகுமா என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஒற்றைக் கால் எலும்பை வைத்துக்கொண்டு தலை முதல் வால் வரை ஒரு ஜந்துவையே எழுப்பிக் காட்டும் சாஸ்திரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒற்றை மாமன் மகன் தாராளமாகப் போதும் என்பது என் துணிபு.

நோயின் லட்சணங்கள் வருமாறு. அவருடைய கல்லாப்பெட்டியில், கணக்கு நோட்டுக்கு அடியில், வால் முறிந்த மூன்று கொம்பு டைனோசர் பொம்மை ஒன்று வாசம் செய்கிறது. தோப்பில் பலாப்பழத்தைத் தடவிப் பார்க்கும்போது, பழுத்துவிட்டதா என்று பார்க்கிறார் என வியாபாரி நினைக்கிறான். அவரோ கவசம் பூண்ட அங்கைலோசாரஸின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். "பாருங்கண்ணே, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குற வயசுல பல்லி பொம்மைக்குத் தூசி தட்டிக்கிட்டு இருக்காரு" என்பது அவர் மனைவியார் என்னிடம் அளித்த வாக்குமூலம்.

ஊரின் மண்ணே காரணமாகலாம் என்பது என் முதல் அநுமானம். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. இரண்டிலும் புலிக்கால் பெற்ற வியாக்கிரபாத முனிவர் வழிபட்டதாக ஐதிகம். காலளவில் மட்டுமே புலியான ஒருவரை முன்னிட்டு ஊர்கள் பெருமை பெறும் வட்டாரத்தில், பெயரிலேயே காட்டையும் புலியையும் வைத்திருக்கும் ஊரில் பிறந்த பிள்ளை பெரிய மிருகங்களை நாடுவது இயல்பே அன்றோ?

அழகான அநுமானம், ஆனால் பூகர்ப்ப சாஸ்திரம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. எங்கள் முந்திரித் தோப்புகளைத் தாங்கும் செம்மண்ணுக்கு ஆதாரம் கடலூர் மணற்பாறை. திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களும் இதே பாறையைச் சேர்ந்தவை. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. டைனோசர்களோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அவை மறைந்த பிறகு தழைத்த காடுகளின் மிச்சமே. சிறுவனாக நெய்வேலிச் சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத சக்கர இயந்திரத்தின் நீண்ட கழுத்தைக் கண்டு, தேடிய பொருள் கிட்டிவிட்டதென்று என் மாமன் மகன் கூத்தாடியது மெய். அது இரும்பு என்பதும் மெய்.

ஆகவே ஆராய்ச்சி அரியலூரை நோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. அங்கேதான் தமிழ்நாட்டின் டைனோசர்கள் இருக்கின்றன. அல்லது, நுட்பமாகச் சொன்னால், இல்லாமல் இருக்கின்றன. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு பூகர்ப்ப அறிஞர்கள் 1979இல் அப்பகுதி எலும்புகள் சிலவற்றுக்குத் திராவிடோசாரஸ் என்று நாமகரணம் செய்தார்கள். அவர்களே 1987இல், கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்குப் பிருஹத்காயோசாரஸ், அதாவது பேருடற்பல்லி, என்று வடமொழிப் பெயர் சூட்டினார்கள். இரு மொழிக்கும் இத்தனை நடுநிலையோடு பங்கு பிரித்துக் கொடுத்த வேறெவரையும் நம் நாட்டில் நான் கண்டதில்லை.

ஆனால் இரண்டின் கதியும் என்னவாயிற்று? திராவிடோசாரஸ் முதுகில் தகடு சுமந்த டைனோசரே அன்று, கடலில் நீந்திய பிளீசியோசார் என்னும் ஊர்வன என்று 1996இல் வேறிருவர் வாதிட்டார்கள். பிற்பாடு அந்த வாதத்துக்கும் மறுப்பு எழுந்தது. திராவிடம் எது என்னும் சர்ச்சை ஜந்துக்களையும் விட்டபாடில்லை! பிருஹத்காயத்தின் கதை இன்னும் பரிதாபம். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் மாமிசபட்சணி என்று கருதப்பட்டுப் பின்னர் நீள்கழுத்துச் சாகபட்சணியாக மாற்றப்பட்ட அந்த மகாகாயத்தின் எலும்புகள், ஈரத்தில் நொறுங்கி, ஆய்வுக்கூடத்தை எட்டும் முன்பே உருக்குலைந்து போயின. உலகிலேயே மிகப் பெரிய நிலவாழ் உயிரினங்களுள் ஒன்றாக இருந்திருக்கக் கூடியது இன்று சித்திரங்களாகவும் பழைய புகைப்படங்களாகவும் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2022இல் அப்புகைப்படங்களை வெளியிட்டு, அது மெய்யாகவே இருந்தது என்று வாதாட வேண்டியிருந்தது.

2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்று ஊரே திரண்டதையும், அவை முட்டைகளல்ல, பழைய கடற்படிவுகளில் உருண்டு திரண்ட கற்களே என்று அறிஞர்கள் விளக்கியதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

என் மாமன் மகன் பஸ்ஸில் விருத்தாசலமும் அங்கிருந்து ரயிலில் அரியலூருமாகச் சென்று கல்லமேட்டு வெறுந்தரையைத் தரிசித்துத் திரும்பினார். ஏமாந்து வருவார், விடுதலை கிட்டும் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். பிரேமை இருமடங்காகியிருந்தது. இதிலிருந்துதான் என் சித்தாந்தம் பிறந்தது: நம் பாட்ட மீமாம்சகர்கள் பிரத்தியட்சம், அநுமானம் ஆகியவற்றோடு அபாவத்தையும், அதாவது இன்மையையும், ஒரு பிரமாணமாகக் கொண்டார்களே, அந்த அபாவமே இப்பிரேமைக்கு உரம். யானை எதிரே வந்து கெட்டது. டைனோசர் வராமலே பிழைத்தது.

இதற்கு வலுவான பூர்வபட்சம் ஒன்று உண்டு. பறவைகள் யாவும் டைனோசர் வம்சமே என்று இன்றைய சாஸ்திரம் கூறுவதால், கோழி வடிவில் அது தினந்தோறும் நம் முற்றத்துக்கு வருகிறதே என்பார்கள். வருகிறது, முந்திரி காயும் களத்தில் ஏறுகிறது, அப்போது என் மாமன் மகன், ஒரு கையில் வால் முறிந்த பொம்மையுடன், மறு கையால் கல்லெடுத்து அதை விரட்டுகிறார். இதைவிடச் சிறந்த நிரூபணம் எந்தச் சர்வகலாசாலையிலும் அகப்படாது.

ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டுக்கோழிக் குழம்பில் தம் இலைக்கு வந்த கால் எலும்பை அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லமேட்டுல கெடச்சது இதே எலும்புதாண்டா, ரெண்டு மீட்டரு" என்று சொன்னதை நான் மறைக்கலாகாது. அதைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். இரண்டு மழைக்காலம் கழிந்தும் அது பொடியவில்லை.