கோழி வாசனைப் பேஸ்ட்

நியூ ஜெர்சி எடிசனில் ஒருவர், கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஒருவர், டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில் ஒருவர் என்று இவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். மென்பொருள் வேலை, பாதி கட்டி முடித்த வீட்டுக்கடன், நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. "இந்த வீட்டுக்குள்ள நாய் வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று மகளிடம் கறாராகச் சொன்னவர்தான். கோவிட் காலத்தில் நாய் வந்தது. அவரும் வெளியே போனார். நாயைக் கூட்டிக்கொண்டு, தினம் மூன்று வேளை.

மகள் இப்போது கல்லூரி விடுதியில். நாய் அப்பாவுக்கே சொத்தாகிவிட்டது. பெயர் லட்டு. மால்ட்டீஸும் பூடிலும் கலந்த மால்ட்டிபூ ஜாதி, எடை ஐந்து கிலோவுக்குள். தெருப் பிள்ளைகள் லட்டுவின் எஜமானரைப் 'பல்லு அங்கிள்' என்கிறார்கள். காரணம் உண்டு.

வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா லட்டுவின் உதட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு காரை. கையில் ஒரு மதிப்பீட்டுத் தாளையும் கொடுத்தார்: ரத்தப் பரிசோதனை, தொண்டையில் குழாய் வைத்து முழு மயக்கம், எக்ஸ்ரே, சுரண்டல், மெருகு. பல நூறு டாலர். பல் பிடுங்க வேண்டி வந்தால் ஆயிரத்தைத் தாண்டும். அவர் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். இத்தனை வருடம் ஆகியும் போகாத பழக்கம். அன்றிரவே ஆராய்ச்சி தொடங்கியது.

அதன் பலனைப் பிறந்தநாள் விருந்துகளில் மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள். பஜ்ஜித் தட்டோடு ஒருவர் தனியாக மாட்டினால் போதும். "நாய்க்கு எத்தனை பல்லு சொல்லுங்க?" எதிராளி முழிப்பதற்குள், "நாப்பத்திரண்டு சார்! நமக்கே முப்பத்திரண்டுதான். கிரேட் டேனுக்கும் நாப்பத்திரண்டு, இந்தச் சுண்டைக்காய்க்கும் நாப்பத்திரண்டு. தாடையில இடம் எங்க இருக்கு?" என்பார். தவறில்லை. சின்ன ஜாதிகளுக்குப் பல் நெருக்கம். பால்பல் சில விழாமலே நின்று இன்னும் நெருக்கும். நாயின் எச்சில் காரத்தன்மை உள்ளது என்பதால் சொத்தைப் பல் அபூர்வம். ஆனால் பல்லில் படியும் மெல்லிய படலம் இரண்டு மூன்று நாளில் இறுகிக் காரையாகிவிடும். மேல்வரிசையில் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு அருகேதான் எச்சில் நாளம் திறக்கிறது. முதல் காரை அங்கேதான். எந்தப் பல் என்று காட்ட, சார் தன் உதட்டையே விரலால் இழுத்துக் காட்டுவார். பஜ்ஜி சாப்பிட வந்தவருக்குப் பசி போய்விடும்.

சரக்கறையில் ஓர் அலமாரி முழுக்க லட்டுவின் பல்லுக்கானது. விரலில் மாட்டும் பிரஷ், பேட்டரி பிரஷ், தண்ணீரில் கலக்கும் திரவம், கடற்பாசிப் பொடி, மெல்லும் குச்சிகள். 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய கால்நடை வாய்நலக் குழுமத்தின் முத்திரை எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று எக்செல்லில் ஒரு பட்டியல். யாரோ பரிசளித்த மான்கொம்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதியவில்லை, அத்தனை கடினமானதைக் கடித்தால் பல்தான் உடையும் என்று குப்பையில் போட்டார். "மயக்கமே இல்லாம பாதி விலைக்குச் சுரண்டித் தராங்க" என்று நண்பர் சொன்னதற்கும் மசியவில்லை. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி அதை ஏற்பதில்லை. மேலே வெளுக்கும், ஈறுக்கு அடியில் நோய் அப்படியே இருக்கும்.

எல்லாம் தெரியும். தேய்ப்பது மட்டும் ஞாயிற்றுக்கிழமை. மற்ற இரவுகளில் சென்னை அணியோடு மீட்டிங். இரண்டு மூன்று நாளில் இறுகுவதை ஏழு நாளுக்கு ஒருமுறை தேய்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கு மட்டும் எக்செல்லில் ஏறவில்லை. அவருடைய சொந்தப் பல் சுத்தமும் ஒரு வருடமாகத் தள்ளிப்போகிறது. அது வேறு கதை.

இந்த நிலையில்தான் ஆறு மாத விசாவில் அம்மா வந்தார். "நம்ம ஊட்டு மணி பதினாலு வருஷம் இருந்துது. அதுக்கு எவன்டா பல்லு வெளக்கினான்?" என்றார். மகனிடம் பதில் இல்லை. மணி திண்ணைக்குக் கீழே படுத்தது, அதன் வாயை யாரும் மோந்து பார்த்ததில்லை. லட்டு தலையணையில் படுக்கிறது.

வீடோ சுத்த சைவம். நாய்ப் பேஸ்ட்டில் கோழி வாசனை உண்டு, மாட்டிறைச்சி வாசனை உண்டு. வெனிலா-புதினா வாங்கி வந்தார் மகன். லட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழி வாசனை கராஜில் ஒளித்துவைக்கப்பட்டு, ஒருநாள் அம்மாவிடம் பிடிபட்டது. அம்மா உப்பும் உமிக்கரியும் பெட்டியில் வந்த கோபால் பல்பொடியும் சிபாரிசு செய்தார். மகன் பதறினார்: நாய்க்குத் துப்பத் தெரியாது, தேய்ப்பதையெல்லாம் விழுங்கும், மனிதர் பல்லுக்கானது எதுவும் ஆகாது.

பிறகு நடந்ததை மகன் வெளியே சொல்வதில்லை. சாயங்காலம் விளக்கேற்றி, சீரியலும் முடிந்தபின் அம்மா ஆள்காட்டி விரலில் மெல்லிய துணியைச் சுற்றுகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோழிப் பேஸ்ட்டைத் தொடுகிறார். லட்டுவின் வாயைத் திறப்பதேயில்லை. உதட்டை மட்டும் தூக்கி, பல்லின் வெளிப்புறத்தை இந்தப் பக்கம் அரை நிமிடம், அந்தப் பக்கம் அரை நிமிடம். புதிதாகப் பழக்குகிறவர்களுக்கு டாக்டர்கள் சொல்லித்தரும் முறையும் ஏறக்குறைய இதுவே. பேட்டரி பிரஷ்ஷைக் கடித்துக் குதறிய லட்டு, அம்மா மடியில் கண் சொருகிக் கிடக்கிறது. அதன்பின் அம்மா மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்.

டிசம்பரில் அம்மாவைக் கொண்டுபோய் விட அவர் ஊருக்குக் கிளம்புவார். அப்போது லட்டு உங்கள் வீட்டுக்கு வரலாம். கூடவே நாலு பக்கக் குறிப்பும் வரும். பல் தேய்க்கும் பக்கத்தை நீங்கள் புரட்டாவிட்டாலும் போகட்டும். உங்கள் கைப்பையில் இருக்கும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்தை மட்டும் உயரத்தில் எடுத்து வையுங்கள். பலவற்றில் சைலிட்டால் இருக்கிறது. ஐந்து கிலோ நாய்க்கு அதில் கொஞ்சம் உள்ளே போனாலே ரத்தச் சர்க்கரை சரேலென இறங்கிவிடும், ஈரலும் கெடலாம்.